பருவத்தில் வருவோரும் பாலை நகரின் வீடுகளும்

நுழையும்முன்

குளிருக்கு அஞ்சிப் பறவைகள் வலசை செல்கின்றன. வசதி படைத்த மனிதரும் அவ்வாறே செல்கின்றனர். பறவை பறந்து சென்றபின் அது தங்கிய கிளை வேறொரு பறவைக்கு உதவும். மனிதர் விட்டுச்செல்லும் வீடோ பூட்டியே கிடக்கும். இவ்வேறுபாடு சிறிதுபோலத் தோன்றினும், ஒரு நகரின் வீட்டு விலையையும் வாடகையையும், அங்கு யார் வாழலாம் என்பதையுமே மாற்றவல்லது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சான்றாகக் கொண்டு இதனை விளக்குகிறது இப்பாடம்.

பாலையில் ஒரு பெருநகர்

வட அமெரிக்காவின் சொனோரப் பாலைநிலத்தில், சால்ட் ஆற்றின் கரையில் அமைந்துள்ள நகரம் பீனிக்ஸ். மெசா, ஸ்காட்ஸ்டேல், டெம்பி, கிளெண்டேல் முதலிய ஊர்கள் அதனை ஒட்டி வளர்ந்துள்ளன. இப்பகுதி முழுவதையும் ‘கதிரவன் பள்ளத்தாக்கு’ என்று அழைப்பர். பெயருக்கேற்ப, ஆண்டின் பெரும்பாலான நாள்களில் இங்கு வானம் தெளிந்திருக்கும்.

ஜனவரி மாதத்தில் பீனிக்ஸ் நகரின் பகல் வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசாக இருக்கும். அதே மாதத்தில் கனடாவின் வின்னிபெக் நகரில் சராசரி வெப்பநிலை சுழியத்துக்கும் கீழே 16 பாகை அளவில் நிற்கும். அங்கே தெருவில் உறைந்து கிடக்கும் பனியில் கால் வழுக்கி விழுந்தால், முதியோரின் எலும்பு முறியக்கூடும். ஆகவே, பணி ஓய்வு பெற்றோர் பலர் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றனர். ஏப்ரலில் வெயில் ஏறத் தொடங்கியதும் வடக்கே திரும்பிவிடுகின்றனர். கனடாவின் மாகாணங்களிலிருந்தும் மினசோட்டா, விஸ்கான்சின், டகோட்டா போன்ற வட அமெரிக்க மாநிலங்களிலிருந்தும் இவ்வாறு வருவோரைப் ‘பனிப்பறவைகள்’ என்னும் பொருள்படும் பெயரால் அந்நாட்டு மக்கள் அழைக்கின்றனர்.

கோடையில் நிலைமை தலைகீழாக மாறும். ஜூலை மாதப் பகல் வெப்பநிலை 41 பாகையைத் தாண்டுவது இயல்பு. 2023ஆம் ஆண்டில் தொடர்ந்து 31 நாள்கள் 43 பாகைக்கும் மேலாக வெயில் கொளுத்தியது. அவ்வெயிலைக் காணாமலே பருவவாசிகள் சென்றுவிடுவர். ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்வோர்க்குச் செல்லும் வழியில்லை. இவ்விரு சாராரும் ஒரே வகை வீடுகளை நாடி ஒரே சந்தைக்கு வருகின்றனர் என்பதே நாம் ஆராய வேண்டிய செய்தி.

வலசை வளர்ந்த வரலாறு

1950ஆம் ஆண்டில் பீனிக்ஸ் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,07,000. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 16 இலட்சத்தைக் கடந்து, மக்கள்தொகையில் அமெரிக்காவின் ஐந்தாவது பெருநகராயிற்று. இவ்வளர்ச்சிக்குத் துணைநின்ற கருவி குளிர்சாதனம். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் வீடுதோறும் குளிர்சாதனம் பரவியதனால்தான் பாலையில் பெருந்தொகையான மக்கள் நிலையாக வாழ முடிந்தது.

1954ஆம் ஆண்டில் பீனிக்ஸின் மேற்கே யங்டவுன் என்னும் ஊர் முதியோர்க்கென்றே நிறுவப்பட்டது. அதனை அடுத்து, கட்டுமானத் தொழிலதிபரான டெல் வெப் என்பவரின் நிறுவனம் 1960 ஜனவரி முதல் நாளன்று சன் சிட்டி என்னும் குடியிருப்பைத் திறந்தது. சிறிய வீடுகள், குழிப்பந்தாட்டத் திடல், நீச்சல் குளம், கடைகள் ஆகியன முன்னரே கட்டிமுடிக்கப்பட்டிருந்தன. திறப்பு விழா நடந்த சில நாள்களில் மட்டும் ஓரிலட்சம் பேர் வந்து பார்வையிட்டதாகக் கூறுவர். ஓய்வுக்காலம் என்பது பிள்ளைகளின் வீட்டில் ஒடுங்கியிருக்கும் காலமன்று, வெயிலில் விளையாடி மகிழும் காலம் என்ற எண்ணத்தை அக்குடியிருப்பு நாடெங்கும் பரப்பியது.

அனைவரும் வீடு வாங்கும் வசதி உடையோர் அல்லர். ஆகவே, மெசா, அப்பாச்சி ஜங்ஷன் போன்ற ஊர்களில் வேறொரு வகைக் குடியிருப்பும் பெருகியது. வீட்டு வசதிகள் கொண்ட ஊர்திகளை ஓட்டிவந்து நிறுத்துவதற்கான இடங்களும், தொழிற்சாலையில் செய்து கொணர்ந்து வைக்கப்படும் சிறு வீடுகளுக்கான மனைகளும் வரிசை வரிசையாக அமைந்தன. இவற்றை அங்கே ‘பூங்கா’ என்றே அழைப்பர். இவற்றுள் பல ஜனவரியில் திருவிழா நடக்கும் ஊர்போல நிறைந்திருக்கும்; ஜூலையில் ஆளரவமின்றிக் கிடக்கும்.

ஆக, பருவவாசிகளின் உறைவிடம் மூவகைப்படும். சொந்தமாக வாங்கிய இரண்டாம் வீடு ஒன்று. சில மாதங்களுக்கு அறைகலன்களோடு வாடகைக்கு எடுக்கும் வீடு மற்றொன்று. ஊர்தியோ சிறுவீடோ நிற்கும் பூங்கா மனை மூன்றாவது. முதல் இரண்டும் நகரின் பொது வீட்டுச் சந்தையை நேரடியாகத் தொடுகின்றன. மூன்றாவது பெரும்பாலும் தனித்து நிற்கிறது. ‘வந்தவர் எத்தனை பேர்?’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘அவர்கள் எவ்வகை உறைவிடத்தில் தங்குகின்றனர்?’ என்றும் கேட்டல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஏப்ரல் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டது. ஒருவர் ஆண்டின் பெரும்பகுதியை எங்குக் கழிக்கிறாரோ, அவ்வூரின் குடியாகவே அவர் கணக்கிடப்படுவார். ஆகவே, பருவவாசிகள் பீனிக்ஸில் இருந்தாலும் அந்நகரின் மக்கள்தொகையில் சேர்வதில்லை. அவர்களுடைய வீடுகள் ‘பருவப் பயன்பாட்டுக்குரிய காலி வீடுகள்’ என்னும் பிரிவில் எழுதப்படுகின்றன. வீடு கணக்கில் உண்டு. அதில் வாழ்வோர் கணக்கில் இல்லை.

ஒரு தெருவின் கணக்கு

பருவவாசிகளால் விலை ஏறுவது எங்ஙனம்? இதனை அறிய ஒரு கற்பனைத் தெருவை எண்ணிப் பார்ப்போம். அத்தெருவில் 100 வீடுகள் உள்ளன. ஆண்டு முழுவதும் அவ்வூரிலேயே வாழ்ந்து உழைக்கும் 95 குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. எஞ்சிய 5 வீடுகள் காலியாக உள்ளன. வீடு மாறுவோர்க்கும் புதிதாக மணம் முடித்தோர்க்கும் அவை உதவுகின்றன. சந்தையில் நெருக்கடி இல்லை.

இப்போது வடக்கிலிருந்து 15 குடும்பங்கள் குளிர்காலத்தைக் கழிக்க வருகின்றன. வீடு தேடுவோர் 110 ஆகின்றனர். வீடுகளோ 100 மட்டுமே. பத்துக் குடும்பங்களுக்கு இடமில்லை. அந்தப் பத்தும் எவை? வந்தவர்கள், வாழ்நாள் முழுவதும் வேறொரு நகரில் ஈட்டிய சேமிப்போடு வந்துள்ளனர். சிலர் ஊரிலிருந்த பெரிய வீட்டை விற்ற பணத்தோடு வந்துள்ளனர். உள்ளூர்க் குடும்பங்களோ இவ்வூரில் கிடைக்கும் மாத ஊதியத்தை நம்பியிருப்பவை. எனவே, விலை ஏறும்போது வெளியேறுவன அந்த 95 குடும்பங்களுள் மிகக் குறைந்த வருவாய் உடையவையே ஆகும்.

இந்நிலையில் ஜூலை மாதத்தில் அத்தெருவில் நடந்து பார்த்தால், 15 வீடுகள் பூட்டிக் கிடப்பதைக் காணலாம். வீடின்றி வெளியேறிய பத்துக் குடும்பங்கள் நகருக்கு அப்பால் தொலைவில் தங்கி, நாள்தோறும் நெடுந்தூரம் பயணம் செய்து அதே தெருவுக்கு வேலைக்கு வருகின்றன. வீட்டுக்குத் தட்டுப்பாடும், பூட்டிய வீடுகளும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருப்பது முரணாகத் தோன்றலாம். ஆயினும், பருவ நகரங்களின் இயல்பே இதுதான்.

பொருளியலில் தேவையும் அளிப்பும் விலையை முடிவு செய்யும் என்பர். உணவுப்பொருளின் தேவை பண்டிகைக் காலத்தில் கூடினால், அப்போதைக்கு மட்டும் கூடுதலாக வரவழைத்துக்கொள்ளலாம். வீட்டை அவ்வாறு நான்கு மாதங்களுக்கு மட்டும் வரவழைக்க முடியாது. கட்டக் காலம் பிடிக்கும். கட்டிவிட்டால் பல பத்தாண்டுகள் நிற்கும். ஆகவே, உச்சத் தேவை நிலவும் நான்கு மாதங்களே ஆண்டு முழுமைக்குமான விலையைத் தீர்மானிக்கின்றன.

வாடகையில் நிகழும் மாற்றம்

வாடகை வீடுகளின் நிலையையும் ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு வீட்டை ஆண்டு முழுவதும் ஒரு செவிலியரின் குடும்பத்துக்கு மாதம் 1,800 டாலருக்கு விட்டால், உரிமையாளருக்கு ஆண்டுக்கு 21,600 டாலர் கிடைக்கும். அதே வீட்டில் கட்டில், நாற்காலி, சமையல் கலன்களை இட்டு, குளிர்காலத்தின் நான்கு மாதங்களுக்கு மட்டும் மாதம் 4,500 டாலருக்கு விடுவதாகக் கொள்வோம். அதில் 18,000 டாலர் கிடைக்கிறது. முன்னும் பின்னுமாக இரண்டு மாதங்களுக்கு 2,000 டாலர் வீதம் விட்டால் மேலும் 4,000 டாலர் சேர்கிறது. ஆக மொத்தம் 22,000 டாலர். வீடு ஆறு மாதங்கள் காலியாகவே கிடந்தாலும் உரிமையாளருக்கு 400 டாலர் மிகுதி!

இவை விளக்கத்துக்காகக் கூறப்பட்ட எண்களே. எனினும், உரிமையாளர் எவ்வாறு சிந்திக்கிறார் என்பதனை இவை காட்டுகின்றன. அவர் தீயவர் அல்லர். கணக்குப் பார்க்கிறார், அவ்வளவே. ஆனால், அவரைப் போன்று ஆயிரவர் ஒரே கணக்கைப் பார்க்கும்போது, ஆண்டு முழுவதும் குடியிருக்க விரும்புவோர்க்கான வீடுகள் சந்தையிலிருந்து ஒவ்வொன்றாக மறைகின்றன. எஞ்சியிருக்கும் வீடுகளின் வாடகை அதனால் மேலும் ஏறுகிறது.

குளிர்காலத்தின் கடைசி மாதங்களில் மற்றொரு நிகழ்வும் சேர்ந்துகொள்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அமெரிக்கத் தொழில்முறை அடிபந்தாட்டத்தின் 15 அணிகள் பீனிக்ஸ் பகுதியில் பயிற்சி ஆட்டங்கள் ஆடுகின்றன. அவற்றைக் காண வரும் கூட்டமும் தங்குமிடம் தேடுகிறது. இணையவழிக் குறுங்கால வாடகை பெருகிய பின்னர், முன்பு விடுதிகளோடு நின்ற இத்தேவை குடியிருப்பு வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

முதியோர்க்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள்

சன் சிட்டி போன்ற குடியிருப்புகளில் இளம் குடும்பங்கள் குடியேற முடியாது. வீட்டுரிமையில் பாகுபாடு காட்டுவதை அமெரிக்கச் சட்டம் தடை செய்கிறது. குழந்தைகள் உள்ள குடும்பங்களை ஒதுக்குவதும் 1988ஆம் ஆண்டுமுதல் அத்தடையுள் அடங்கும். ஆயினும், முதியோர் குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு. குடியிருப்பிலுள்ள வீடுகளுள் குறைந்தது 80 விழுக்காட்டில் 55 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவரேனும் வாழ்ந்தால் அவ்விலக்கைப் பெறலாம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் இதனை எளிமையாக்கியது.

முதியோர்க்கு அமைதியும் ஒத்த வயதினரின் துணையும் கிடைப்பது நன்றே. ஆனால், அங்குள்ள முதியோரைப் பேணும் இளம் பணியாளர் தம் குழந்தைகளோடு அவ்வூரில் வாழ இயலாது. வீட்டுச் சந்தையின் ஒரு பகுதி அவர்களுக்கு முற்றிலும் மூடப்பட்டதாகிறது.

இதனோடு இணைந்த மற்றொரு நிகழ்வும் கருதத்தக்கது. அமெரிக்காவில் பொதுப்பள்ளிகளின் செலவில் பெரும்பங்கு சொத்து வரியிலிருந்து கிடைக்கிறது. புதிய பள்ளிக் கட்டடம் கட்டக் கடன் திரட்ட வேண்டுமாயின் வாக்காளரின் இசைவு தேவை. சன் சிட்டி மக்கள் அத்தகைய முன்மொழிவுகளைப் பலமுறை வாக்களித்துத் தோற்கடித்தனர். இறுதியில், 1970களில் அவ்வூர் அப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தம் பேரக்குழந்தைகள் வேறெங்கோ பயிலும்போது இவ்வூர்ப் பள்ளிக்குத் தாம் ஏன் வரி செலுத்த வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். அருகிலுள்ள குடும்பங்களோ, நெருக்கடி மிகுந்த வகுப்பறைகளில் தம் பிள்ளைகள் அமர்ந்திருப்பதைக் கண்டனர். வீடு என்பது நான்கு சுவர் மட்டுமன்று, ஓர் ஊரின் பொதுவாழ்வில் பங்கேற்பதும் ஆகும் என்பதனை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

நாணய மதிப்பும் வீட்டு விலையும்

பீனிக்ஸ் வீட்டுச் சந்தையின் வரலாற்றில் 2006 முதல் 2011 வரையிலான காலம் மறக்க முடியாதது. தகுதி பாராது வழங்கப்பட்ட கடனால் வானளாவ ஏறிய வீட்டு விலை, அக்காலத்தில் பாதிக்கும் கீழே சரிந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் தம் வீடுகளை வங்கிகளிடம் இழந்தன.

அதே வேளையில் கனடா டாலரின் மதிப்பு உயர்ந்து, 2011ஆம் ஆண்டில் அமெரிக்க டாலருக்கு நிகராக நின்றது. அதுவரை குளிர்காலத்தில் வாடகைக்கு வந்து சென்ற கனடியர் பலருக்குச் சொந்த வீடு கைக்கெட்டும் பொருளாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் கடன் வாங்காமல் முழுத்தொகையையும் ரொக்கமாகச் செலுத்தி வாங்கினர். உள்ளூர்க் குடும்பங்களோ வேலையையும் கடன் பெறும் தகுதியையும் இழந்திருந்தன. விலை மிகவும் தாழ்ந்திருந்த அந்நாளில், வாங்கும் நிலையில் அவர்கள் இல்லை. வாங்கும் நிலைக்கு அவர்கள் மீண்டபோது, விலை தாழ்வாக இல்லை.

இதனை இரு கோணங்களில் காண வேண்டும். வெளியிலிருந்து வந்த பணம், சரிந்துகொண்டிருந்த சந்தையைத் தாங்கிப் பிடித்தது என்பது உண்மை. பாழடைந்து கிடந்த வீடுகள் பழுது பார்க்கப்பட்டன. எனினும், ஊர் மக்கள் இழந்த சொத்து, விலை மீண்டும் ஏறியபோது அவர்களுக்குப் பயன் தரவில்லை என்பதும் உண்மையே.

நாணய மதிப்பு எதிர்த்திசையிலும் இழுக்கும். கனடா டாலர் மெலியும்போது, அவர்கள் வீட்டை விற்றாலே ஆதாயம் என்னும் நிலை தோன்றுகிறது. 2025ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கிடையே வணிகப் பூசல் எழுந்தபோது, அமெரிக்காவுக்குச் செல்லும் கனடியரின் எண்ணிக்கை குறைந்தது. ஒரு நகரின் வீட்டுச் சந்தை, அந்நகரில் விளையும் தொழிலையும் ஊதியத்தையும் மட்டும் சார்ந்திராமல், தொலைதூர நாட்டின் நாணயத்தையும் அரசியலையும் சார்ந்திருப்பதன் இடர் இதனால் புலப்படும்.

பருவவாசிகள் ஏன் நிலைவாசிகள் ஆவதில்லை?

வெயிலும் வீடும் பிடித்துப்போனால் அங்கேயே தங்கிவிடலாமே என்று தோன்றலாம். கனடியர்க்கு அதற்குச் சட்டம் இடம்தருவதில்லை. கனடியர் பார்வையாளராக அமெரிக்காவில் பொதுவாக ஆறு மாதம் வரையே தங்கலாம். அவர்களுடைய மாகாணங்களும் வரம்பு விதிக்கின்றன. எடுத்துக்காட்டாக, ஒண்டாரியோ மாகாணத்தின் அரசு மருத்துவக் காப்பீட்டை இழக்காமலிருக்க, ஒருவர் பன்னிரண்டு மாதங்களுள் 212 நாள்களுக்கு மேல் வெளியில் இருத்தல் கூடாது. முதுமையில் மருத்துவம் இன்றியமையாதது. அமெரிக்காவிலோ அதன் செலவு மிகுதி. ஆகவே, இவர்களின் வீடுகள் ஆண்டில் பாதி நாளேனும் ஆளின்றி இருப்பது தற்செயலன்று; சட்டங்களே உருவாக்கிய நிலை.

நன்மைகள்

பருவவாசிகளால் நகருக்கு விளையும் நன்மைகளையும் நடுநிலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்கள் உணவகங்களிலும் கடைகளிலும் செலவிடுகின்றனர். மருத்துவமனைகளுக்கும் கட்டுமானத் தொழிலுக்கும் தோட்டப் பணிக்கும் வேலைவாய்ப்பை அளிக்கின்றனர். ஆண்டு முழுமைக்கும் சொத்து வரி செலுத்துகின்றனர். ஆனால், பாதி ஆண்டு மட்டுமே சாலையையும் நீரையும் பயன்படுத்துகின்றனர். அரிசோனாவில் முதன்மை வீட்டுக்கு வழங்கப்படும் பள்ளி வரிச் சலுகை இரண்டாம் வீட்டுக்குக் கிடைப்பதில்லை. எனவே, அவர்கள் செலுத்தும் வரி சற்று மிகுதியாகவே இருக்கும்.

வேலைவாய்ப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. குளிர்காலத்தில் மிகும் வேலை, கோடையில் குறைகிறது. உணவகப் பணியாளரின் வேலை நேரமும் வருவாயும் சுருங்குகின்றன. ஆனால், வாடகை கோடையிலும் அதேதான்; குளிர்சாதனத்துக்கான மின்கட்டணம் கோடையில்தான் உச்சத்தைத் தொடும். வருவாய் பருவத்தைப் பொறுத்தது. செலவு பருவத்தைப் பொறுத்ததன்று.

வெயிலில் நிற்போர்

வீடின்மை எங்கும் துன்பமே. பீனிக்ஸில் அது உயிரிடர். பீனிக்ஸ் அடங்கிய மாரிக்கோப்பா மாவட்டத்தில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 645 பேர் வெப்பம் தொடர்பான காரணங்களால் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வீடற்றோர். அதே கோடையில், குளிர்சாதனம் பொருத்தப்பட்ட பருவ வீடுகள் பல பூட்டிக் கிடந்தன.

நடமாடும் வீடுகளில் வாழும் ஏழைகளின் நிலையும் இரங்கத்தக்கது. வீடு அவர்களுக்குச் சொந்தம். அது நிற்கும் மண் வேறொருவர்க்குச் சொந்தம். நிலத்தின் விலை ஏறியதும் உரிமையாளர் அதனை விற்றுவிடுகிறார். 2023ஆம் ஆண்டில் பீனிக்ஸில் இத்தகைய பூங்காக்கள் சில மூடப்பட்டன. பெயரில் ‘நடமாடும்’ என்று இருந்தாலும், பழைய வீடுகளைப் பெயர்த்து நகர்த்துவது அரிது. பெயர்த்தாலும் அவற்றை ஏற்கும் இடம் அரிது.

இவ்வனைத்துக்கும் பருவவாசிகளே காரணம் என்று கூறுதல் நேர்மையாகாது. பிற மாநிலங்களிலிருந்து நிலையாகக் குடியேறுவோரின் பெருக்கம், 2008ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் பல்லாண்டுகள் வீடு கட்டுதல் தளர்ந்தமை, முதலீட்டாளர்கள் வீடுகளை மொத்தமாக வாங்கியமை, தனிவீடுகளுக்கே பெரும்பரப்பை ஒதுக்கும் நகர விதிகள் ஆகிய காரணங்களும் உண்டு. பருவவாசிகள் பல காரணங்களுள் ஒரு காரணம். ஆயினும், ஏற்கெனவே இறுகிய சந்தையில் அவ்வொரு காரணமும் ஒரு குடும்பத்தை வெளியே தள்ளப் போதுமானது.

‘அப்படியானால் புதிய வீடுகளைக் கட்டினால் என்ன?’ என்று கேட்கலாம். கட்டத்தான் வேண்டும். ஆனால், பாலையில் வீட்டுக்கு முன் நீர் வேண்டும். பீனிக்ஸ் பகுதியில் புதிய குடியிருப்பு அமைப்போர் நூறாண்டுக்கான நீர் உறுதியைக் காட்டல் வேண்டும் என்னும் விதி, 1980ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டத்தின் வழி வந்தது. நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதிய குடியிருப்புகளுக்கு இனி இசைவு இல்லை என 2023ஆம் ஆண்டில் மாநில அரசு அறிவித்தது. எனவே, நகரைப் பாலைக்குள் விரித்துக்கொண்டே செல்ல இயலாது. இருக்கும் வீடுகளை யார், எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்னும் வினா அதனால் மேலும் கூர்மையாகிறது.

பிற ஊர்கள் கண்ட வழிகள்

உலகின் வேறு சில ஊர்கள் இச்சிக்கலை வெவ்வேறு வழிகளில் அணுகியுள்ளன. ஃபுளோரிடா மாநிலம், நிலையாக வாழ்வோரின் முதன்மை வீட்டுக்கு வரி மதிப்பீடு ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் உயராதவாறு காக்கிறது. இரண்டாம் வீட்டுக்கு அக்காப்பு இல்லை. கனடாவின் வான்கூவர் நகரம், ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு 2017ஆம் ஆண்டுமுதல் தனிவரி விதிக்கிறது. சீனாவின் தென்கோடியில் உள்ள ஹைனான் தீவின் சான்யா நகருக்கு வட சீனாவின் உறைபனிக்கு அஞ்சி முதியோர் பெருந்திரளாக வருவர். அங்கும் அவர்களை ‘வலசைப் பறவைகள்’ என்றே அழைக்கின்றனர். வீட்டு விலை கட்டுக்கடங்காமல் ஏறியதனால், 2018ஆம் ஆண்டில் அத்தீவில் வெளியூரார் வீடு வாங்கக் கடும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. சான்யாவில் வீடு வாங்க விரும்பும் வெளியூர்க் குடும்பம், அத்தீவில் ஐந்தாண்டு வரியோ சமூகக் காப்பீட்டுத் தொகையோ செலுத்தியிருத்தல் வேண்டும் என அப்போது விதிக்கப்பட்டது.

அரிசோனா நேர்மாறான வழியில் சென்றது. குறுங்கால வாடகையைத் தடைசெய்யும் அதிகாரத்தை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மாநிலம் நகராட்சிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. 2022ஆம் ஆண்டில் உரிமம் வழங்குதல் முதலிய சில அதிகாரங்களை மட்டும் திருப்பி அளித்தது.

எவ்வழியும் குறையற்றதன்று. வரி மிகுந்தால் வருவோர் குறைவர். அவர்களை நம்பிய வேலையும் குறையும். தடையை முற்றிலும் நீக்கினால் உழைப்போர் ஊருக்கு வெளியே தள்ளப்படுவர். ஒவ்வோர் ஊரும் தன் நிலைக்கேற்ப இவ்விரண்டுக்கும் இடையே ஓர் அளவைக் கண்டறிதல் வேண்டும்.

நிறைவாக

குளிருக்கு அஞ்சி வருவோரைக் குறை கூறுதல் பொருந்தாது. முதிய உடல் கதகதப்பை நாடுவது இயற்கை. வந்தோரை வரவேற்பது எந்த ஊருக்கும் பெருமையே. ஆயினும், விருந்தினர்க்கு அறை ஒழித்துத் தரும் வீடு, தன் பிள்ளைகளைத் திண்ணையில் நிறுத்தலாகாது. ஒரு நகரின் வீட்டுக் கொள்கை சிறந்ததா என்பதனை, வெயில் இதமாக இருக்கும் ஜனவரியில் அங்கு எத்தனை வீடுகள் நிறைந்துள்ளன என்பதைக் கொண்டு அளத்தல் போதாது. வெயில் கொளுத்தும் ஜூலையில், அந்நகருக்காக உழைப்போர் ஒவ்வொருவருக்கும் தலைக்குமேல் கூரை உண்டா என்பதைக் கொண்டும் அளத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலுள்ள சுற்றுலா ஊரிலோ, ஆண்டின் சில மாதங்களில் மட்டும் பயன்படும் வீடுகள் உள்ளனவா எனக் கேட்டறிந்து, அவற்றால் விளையும் நன்மை தீமைகளை வகுப்பில் பகிர்க.
2. ‘காலி வீடுகளுக்குத் தனிவரி தேவை’, ‘தேவையில்லை’ என்னும் தலைப்புகளில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. பருவவாசிகளின் உறைவிட வகைகள் யாவை?
2. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பருவவாசிகள் பீனிக்ஸ் நகரின் மக்களாகச் சேர்க்கப்படாதது ஏன்?

சிறுவினா
1. ‘வீட்டுக்குத் தட்டுப்பாடும், பூட்டிய வீடுகளும் ஒரே இடத்தில்’ – கற்பனைத் தெருவின் கணக்கைக் கொண்டு விளக்குக.
2. நாணய மதிப்பின் ஏற்ற இறக்கம் பீனிக்ஸ் வீட்டுச் சந்தையைத் தாக்கிய வகையை எழுதுக.

நெடுவினா
1. பருவவாசிகளின் வருகையால் ஒரு நகரின் வீட்டுச் சந்தையில் ஏற்படும் நன்மை தீமைகளைத் தொகுத்து, நீவிர் பரிந்துரைக்கும் தீர்வைத் தக்க காரணங்களுடன் கட்டுரையாக வரைக.